அன்புராசாவின் பத்தொன்பது நிமிடங்கள்

பிறம்ரன்
09.02.2025

கஜனிக்கு,

இரண்டு வருடமாக நானும் நீயும் ஒரு சொல் கதைக்கவில்லை. இப்போதும் உறவு கொண்டாட நான் எழுதவில்லை. உனக்கு ஒரு விஷயம் தெரியவேண்டும். ரெலிபோனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் கோபம் வந்து வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வெயாஹவுஸில் ஒருவர் செத்துப்போனார். அன்புராசா என்று பெயர். ஐம்பத்தெட்டு வயது, பாசையூர் ஆள். ஒன்பது வருடமாக என்னோடு ஒரே ஷிப்ற். என்னுடைய காரில்தான் வேலைக்கு வருவார். அன்று காலையும் வந்தார். கண்ணாடியில் படிந்திருந்த ஐஸை நான் வெளியே நின்று சுரண்ட, அவர் உள்ளே இருந்தபடி, "அதிலை விட்டிட்டாய், உதிலை விட்டிட்டாய்" என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் உங்கள் கொம்பனி செய்கிற பாண்ட், அந்தக் கைப்பட்டி, இருக்கும். எந்த ராக்கையில் எந்தப் பெட்டியை எடுப்பது என்று அது சொல்லும். சுணங்கினால் கை அதிரும். இன்னும் சுணங்கினால் சுப்பர்வைசரின் ஸ்கிரீனில் எங்கள் நம்பர் சிவப்பாகும். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

பதினொரு மணிக்கு சுப்பர்வைசர் என்னிடம் வந்து தன் ஸ்கிரீனைக் காட்டினான். அன்புராசா அண்ணை பத்தொன்பது நிமிடமாக ஒரு பெட்டியும் எடுக்கவில்லையாம். எங்கே போய் நிற்கிறார் என்று பார்த்துவரச் சொன்னான்.

ராக்கைகளுக்கு நடுவே உள்ள பாதையை நாங்கள் ஒழுங்கை என்போம். முப்பத்தோராவது ஒழுங்கையில் அவர் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். உதடு நீலமாகியிருந்தது. கத்திக்கொண்டு நெஞ்சை அமத்தினேன். நான் அமத்த அமத்த அவர் கையில் பாண்ட் அதிர்ந்துகொண்டே இருந்தது. நீங்கள் வேலையை நிறுத்திவிட்டீர்கள், தயவுசெய்து தொடருங்கள் என்று அதில் எழுத்து ஓடியது. தாங்கமுடியாமல் அதைக் கழற்றி என் பொக்கற்றுக்குள் போட்டேன். அம்புலன்ஸ் ஆட்கள் ஓடி வந்தார்கள். போகும்போது மெல்ல நடந்து போனார்கள்.

வீட்டுக்கு வந்து காற்சட்டை மாற்றும்போதுதான் பாண்ட் கையில் தட்டுப்பட்டது. அடுத்த நாள் தலைமைக் கந்தோரிலிருந்து இரண்டு பேர் வந்து, அது எங்கே என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் பொய் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. இப்போது அது எங்கள் அரிசி வாளிக்குள் கிடக்கிறது. உன் அண்ணிக்கும் சொல்லவில்லை. வாசலில் யாராவது பெல் அடித்தால் முதலில் வாளி மூடியைத்தான் பார்க்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பாத்றூமில் இரண்டு நிமிடம் கூட நின்றால் உங்கள் பாண்டுக்குத் தெரிகிறது. ஒரு மனிதன் விழுந்தால் தெரியாதா?

கிருபன்


விட்பி
14.02.2025

அன்புள்ள அண்ணா,

கவரில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் வீட்டுக்குள் போகவில்லை. காரிலேயே இருந்து வாசித்தேன். அன்புராசா அவர்களின் மரணத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

முதலில் ஒரு வேண்டுகோள். இதைப்பற்றி எனக்கு மெசேஜ், ஈமெயில் எதுவும் போடவேண்டாம். ரெலிபோனிலும் கதைக்கவேண்டாம். என் போன் கொம்பனியுடையது. அதில் உள்ளதை லோயர்மார் எப்போதும் பார்க்கலாம். கடிதமே எழுதுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பாண்ட் வைத்தியக் கருவி அல்ல. வேலையை ஒழுங்குபடுத்துவதற்காகச் செய்யப்பட்டது. அதைப் பயன்படுத்தும் இடத்தின் பாதுகாப்பு அந்த இடத்தை நடத்துபவரின் பொறுப்பு.

எழுதியதைத் திரும்ப வாசித்தேன். லோயர் எழுதித் தந்த வசனம் போல் இருக்கிறது. உண்மையில் அது லோயர் எழுதித் தந்த வசனம்தான். அதை வெட்டாமல் விடுகிறேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இன்னொரு விஷயம். இன்னும் ஒருவருக்கும் தெரியாது. மார்ச் 17ஆம் திகதி பணிப்பாளர் சபை என்னைத் தலைமை நிறைவேற்று அதிகாரியாக அறிவிக்க இருக்கிறது. மார்க்கம் நகரத்தில் ஒரு பல் டொக்டரின் கிளினிக்குக்கு மேலே, எட்டுப் பேர் இருந்த அறையில், வாடிக்கையாளரின் முறைப்பாடுகளுக்கு ரெலிபோன் எடுக்கிறவளாக நான் இந்தக் கொம்பனியில் சேர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இன்ரவியூவுக்கு நீங்கள்தான் கொண்டுபோய் இறக்கினீர்கள். இன்றைக்கு அங்கே அறுநூறு பேர். அகதியாக வந்த உங்கள் ஸ்பொன்சரில் பதினேழு வயதில் வந்து இறங்கிய பிள்ளை, அந்த அறுநூறு பேருக்கும் மேலே. சந்தோஷப்படவேண்டிய நேரம். ஆனால் ஒரு கிழமையாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பாண்டை என்னிடம் தந்துவிடுங்கள். 23ஆம் திகதி ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு அஜக்ஸ் ரெயில் ஸ்ரேசன் பார்க்கிங்கில் நிற்பேன். வேறு ஒருவருக்கும் காட்டாதீர்கள். உங்கள் வேலைக்கும் அதுதான் பாதுகாப்பு.

தங்கை
கஜனி


பிறம்ரன்
19.02.2025

கஜனி,

அன்புராசா அண்ணைக்கு ஒரு வரி எழுதியிருக்கிறாய். மிச்சம் எல்லாம் உன்னையும் பாண்டையும் பற்றி.

சனிக்கிழமை அவரை அடக்கம் செய்தோம். பெரிய ஸ்னோ. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கிச் சறுக்கிப் போயின. வெயாஹவுஸிலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. ரிப்பனில் அவர் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள். அவர் மனைவி பேர்ணடெற் அக்கா அந்த ரிப்பனைக் கழற்றி மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி, நீர்தானே கண்டது. கன நேரம் கிடந்தவரோ?"

"இல்லை அக்கா. விழுந்த உடனை கண்டிட்டம்" என்றேன்.

மாதா கோயில் வாசலில் நின்று அந்தப் பொய்யைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

நேற்று என்னை ஒஃபிசுக்குக் கூப்பிட்டார்கள். பாண்டைப் பற்றித்தான் கேட்கப்போகிறார்கள் என்று பயந்துகொண்டு போனேன். அவர்கள் அதைக் கேட்கவில்லை. நான் வேலை நேரத்தில் அடிக்கடி நிற்கிறேன் என்று எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். இன்னொன்று வந்தால் வேலை இல்லை. கையெழுத்துப் போட்டேன். ஐம்பத்துமூன்று வயதில் என்னை இனி யார் எடுப்பான்?

உன் வீட்டுக் குடிபுகுதலுக்கு வந்தபோது உன் மேலதிகாரியிடம் என்னை லொஜிஸ்ரிக்ஸ் மனேஜர் என்று சொன்னாய். உங்களுக்குக் கீழே எத்தனை பேர் என்று அந்த மனிதன் மரியாதையாகத்தான் கேட்டான். நான் உன் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள். அதோடு வெளிக்கிட்டு வந்தவன்தான், பிறகு உன்னோடு கதைக்கவில்லை. அன்று நீ எதற்குப் பயந்தாய் என்று இரண்டு வருடமாக யோசித்துப் பார்க்கிறேன். பிடிபடவில்லை.

அஜக்ஸுக்கு நான் வரமாட்டேன். கேட்டதற்குப் பதில் சொல்லு. லோயரின் பதில் வேண்டாம். பதில் இல்லையென்றால் எழுதாதே.

கிருபன்


விட்பி
25.02.2025

அண்ணா,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. அது தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை அஜக்ஸ் பார்க்கிங்கில் இரண்டு மணி நேரம் நின்றேன். உள்ளே வந்த ஒவ்வொரு காரும் உங்கள் காராக இருக்கவேண்டும் என்றும் இருக்கக்கூடாது என்றும் நினைத்தேன்.

பதில் இதுதான். தெரியும். ஒருவர் விழுந்தால் பாண்டுக்குத் தெரியும்.

முதலில் செய்தபோது, உங்கள் வெயாஹவுஸுக்கு அது வருவதற்கு முன், யாராவது விழுந்தால் அது பெரிதாகக் கத்தும். பக்கத்தில் உள்ள எல்லாருடைய பாண்டும் சேர்ந்து கத்தும். ஆனால் அதற்கு விழுவதற்கும் குனிவதற்கும் வித்தியாசம் வடிவாகத் தெரியவில்லை. பெட்டியைத் தொப்பென்று இறக்கினாலும் கத்தியது. ஒரு வெயாஹவுஸில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை. ஒவ்வொரு தடவையும் வேலை நின்றது. 2019இல் எங்கள் மிகப் பெரிய வாடிக்கையாளர், இதை நிறுத்தாவிட்டால் விட்டுப்போகிறோம் என்றார். திருத்துவதற்கு ஆறு மாதம் வேண்டும் என்று எங்கள் பொறியியலாளர்கள் சொன்னார்கள். வாடிக்கையாளர் தந்தது இரண்டு கிழமை.

அந்தப் பகுதிக்கு அப்போது நான்தான் பொறுப்பு. இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். கத்துவதை நிறுத்துவோம், விழுந்ததைப் பதிவு மட்டும் செய்வோம், பிறகு ஆறுதலாகத் திருத்துவோம் என்று. வாடிக்கையாளர் போகவில்லை. அடுத்த மாதம் என்னைத் துணைத் தலைவராக்கினார்கள். பிறகு திருத்தவில்லை. ஒருவரும் கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அந்தக் கட்டடத்துக்குள் நான் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டுதான் போயிருக்கிறேன். ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்து, நீ இங்கே இருக்கவேண்டியவள் இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம். அதனால் எனக்கு மேலே உள்ளவர்களுக்கு நான் ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த அந்த மனிதரிடம் உங்களை மனேஜர் என்று சொன்னதும் அந்தப் பயத்தில்தான். அது நியாயம் என்று சொல்லவரவில்லை. நீங்கள் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது.

பாண்டை நான் கேட்டது உங்களுக்காக அல்ல. ஏரியில் எறிவதற்காக. பதிவுகள் எங்கள் கொம்பனிக்குள் பூட்டிக் கிடக்கின்றன, திறக்கக்கூடியவர்கள் நாலைந்து பேர். அவர் விழுந்த பதிவு வெளியே இருப்பது அந்தப் பாண்டுக்குள் மட்டும்தான்.

மற்றது, உங்கள் நம்பர் எனக்குத் தெரியும். 4417. நீங்கள் என்னோடு கதைக்காமல் விட்ட நாளிலிருந்து தினமும் அதைத் திறந்து பார்க்கிறேன். ஸ்கிரீனில் ஒரு பச்சைப் புள்ளி. காலை ஆறரைக்குப் புள்ளி வந்தால், அண்ணா வேலைக்கு வந்துவிட்டார் என்று மனம் ஆறும். நாலு மாதமாக நீங்கள் பத்தரைக்கும் இரண்டு மணிக்கும் பாத்றூம் பக்கம் போய் ஏழெட்டு நிமிடம் நிற்கிறீர்கள். போகப்போக அது கூடிக்கொண்டு வருகிறது. அம்மாவுக்கு இருந்த சீனி வருத்தம், அந்த நீரிழிவு, உங்களுக்கும் வந்துவிட்டதா? தலை சுற்றுகிறதா? போன வியாழன் உங்கள் புள்ளி பதினோரு நிமிடம் அசையவில்லை. நான் கூட்டத்தின் நடுவில் எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தயவுசெய்து டொக்டரிடம் போங்கள்.

கஜனி


பிறம்ரன்
02.03.2025

கஜனி,

உன் கடிதத்தை வாசித்த அடுத்த நாள் பாண்டைக் கட்டப் போனால் கை பின்னுக்கு இழுத்தது. கட்டாமல் உள்ளே விடமாட்டார்கள். கட்டினேன். தண்ணீர் குடித்தால் நீ பார்க்கிறாய். கூட்டாளியோடு நின்று ஒரு வார்த்தை கதைத்தால் நீ பார்க்கிறாய். பாத்றூமுக்குள்ளும் நீ நிற்கிறாய். இத்தனை வருடம் சுப்பர்வைசருக்குப் பயந்தேன். இப்போது கூடப்பிறந்தவளுக்கும் பயப்படவேண்டியிருக்கிறது.

ஓம், சீனி வருத்தம்தான். கை நடுங்கத் தொடங்கினால் ஏதாவது தின்னவேண்டும். ஒழுங்கைக்குள் தின்ன விடமாட்டார்கள். பாத்றூமுக்குள் பூட்டிக்கொண்டு நின்று பிஸ்கற் தின்கிறேன். உனக்கு இது தெரியவந்தது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வருடம் அந்தப் புள்ளியைப் பார்த்தாயே. ஒருநாள் ரெலிபோனை எடுத்து, "அண்ணா, சாப்பிட்டியளோ" என்று கேட்டிருக்கலாமே. நான் பேசியிருப்பேன், வைத்திருப்பேன். அடுத்த நாள் இன்னொருக்கால் எடுத்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை லேபர் மினிஸ்ரியிலிருந்து இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். நடுவயதுப் பெண். சுப்பர்வைசரை அறைக்கு வெளியே போகச் சொல்லிவிட்டு என்னோடு தனியாகக் கதைத்தார். அவர் வருகிறார் என்று முதல் நாளே கேள்விப்பட்டதால், நான் அன்று அரிசி வாளிக்குள் இருந்த பாண்டை எடுத்துச் சப்பாத்துக்குள் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். கொடுத்துவிட்டேன். எடுத்தது நான்தான், பொய் சொன்னதும் நான்தான் என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். எனக்கு என்ன நடக்கும் என்று கேட்டேன். தனக்கு இன்னும் தெரியாது என்றார்.

உன் பெயரைச் சொல்லவில்லை. நீ எழுதிய குறிப்பைப் பற்றியும் சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டியவள் நீ. ஆனால் உன் கடிதம் என்னிடம் இருக்கிறது. இரண்டு தரம் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு அதைக் கையில் பிடித்தபடி நின்றேன். எரித்தால் அன்புராசா அண்ணையை நான் இன்னொரு தரம் நிலத்தில் கிடத்தியது போல. எரிக்காவிட்டால் தங்கச்சியைக் காட்டிக்கொடுத்தவன். எனக்கு இந்த வேலையை ஏன் தந்தாய்?

இன்னும் எரிக்கவில்லை.

கிருபன்


விட்பி
10.03.2025

அண்ணா,

எரிக்கவேண்டாம்.

போன கிழமை பணிப்பாளர் சபையின் லோயர் என்னைத் தனியே கூப்பிட்டார். அந்தப் பழைய குறிப்பு அவர் மேசையில் இருந்தது. யாரும் கேட்காதவரை நாங்களாகக் கொடுக்கத் தேவையில்லை என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு, "மார்ச் 17 உங்களுக்கு ஒரு பெரிய நாள்" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

வீட்டில் சுலக்சனிடம் சொன்னேன். என் கணவர் பயந்த சுபாவம் உள்ளவர் இல்லை என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். அவர் எழும்பிப் போய் யன்னல் திரையை மூடினார்.

"உம்மை ஆரும் கேட்டவையே? கேக்காததுக்கு ஏன் பதில் சொல்லப்போறீர்? வேலை போறது மட்டுமில்லை கஜனி, மறியல்சாலைக்கும் போகவேண்டி வரும்."

அவர் சொல்வது நடக்கலாம். நான் அதற்கு ஆயத்தமாக இருக்கிறேன் என்று சொன்னால் அது பொய்.  ரெலிபோன் அடித்தால் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துவிடுகிறேன்.

ஆனால் ஒன்று செய்யலாம். எங்கள் பாண்ட் இருநூற்றுப் பன்னிரண்டு இடத்தில் இருக்கிறது. எல்லா இடத்திலும் கத்துவதை ஒரே நேரத்தில் திரும்பத் தொடக்குவதற்குத் தலைமை நிறைவேற்று அதிகாரியின் கையெழுத்து வேண்டும். இப்போது இருப்பவரிடம் இரண்டு முறை கேட்டேன். முதல் முறை பிறகு பார்ப்போம் என்றார். இரண்டாவது முறை, நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள் என்றார். நான் பதவியை மறுத்தால் வேறு ஒருவரை வைப்பார்கள். அவரும் செய்யமாட்டார்.

அதனால் ஏற்கப்போகிறேன். அந்தப் பதவியில் எனக்கு ஆசையும் இருக்கிறது. உங்களிடம் மறைக்கமாட்டேன். இருபது வருடம் அதற்காகத்தான் ஏறினேன். எனக்கு இப்போது மிகப் பெரிய பயம் மறியல் அல்ல. அந்தக் கதிரையில் இருந்தபின், இன்றைக்கு வேண்டாம், அடுத்த கிழமை செய்வோம் என்று சொல்லத் தொடங்கிவிடுவேனோ என்பதுதான். அப்படிச் சொல்லி எனக்குப் பழக்கம் இருக்கிறது.

ஆகவே இதை உங்கள் கையில் தருகிறேன். 17ஆம் திகதி மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் உங்கள் பாண்டில் மாற்றம் தெரியாவிட்டால், என் கடிதத்தை அந்த இன்ஸ்பெக்டரிடம் கொடுங்கள். எனக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்கவேண்டாம். நான் ஏதாவது காரணம் சொல்லுவேன், நீங்கள் நம்பிவிடுவீர்கள்.

கஜனி


பிறம்ரன்
30.03.2025

அன்புள்ள கஜனி,

17ஆம் திகதி உன் கடிதத்தைக் கோட்டின் உள் பொக்கற்றில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பத்து மணி. பதினொன்று. கைகளில் எல்லாம் பழைய பாண்ட் பழைய மாதிரியே அதிர்கிறது. பதினொன்றரை. ஒவ்வொரு பெட்டி எடுக்கும்போதும், செய் பிள்ளை, செய் பிள்ளை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. அன்று கும்பிட்டேன்.

பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது முழு வெயாஹவுஸும் கத்தியது. அப்படி ஒரு சத்தம் நான் அங்கே கேட்டதில்லை. எல்லாருடைய கையும் கத்தியது. பதினேழாவது ஒழுங்கை என்று காட்டியது. பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்னால் சுப்பர்வைசர் ஓடினான். அந்தக் கல்லு மனுசனின் முகம் வெளிறிப்போயிருந்தது.

போய்ப் பார்த்தால் றீற்றா அக்கா. பொதி கட்டும் பகுதியில் வேலை. முழங்காலில் இருந்து எங்களை அண்ணாந்து பார்க்கிறா.

"என்ன எல்லாரும் ஓடிவாறியள்? நான் சப்பாத்துக் கயிறல்லோ கட்டினனான்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. சுப்பர்வைசர் இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றிக் குனிந்து நின்று மூச்சு வாங்கினான். றீற்றா அக்கா எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கிவிட்டா. அன்று பொழுதுபடுவதற்குள் முப்பத்தேழு தரம் கத்தியது. முப்பத்தேழு தரமும் ஓடினோம். பெட்டிகள் மலையாகக் குவிந்தன. மேலே இருந்து ஏசினார்கள். அடுத்த நாளும் ஓடினோம்.

வியாழக்கிழமை இடைவேளையில் போனில் செய்தி பார்த்தேன். பணிப்பாளர் சபைக்கும் உனக்கும் கருத்து வேறுபாடு என்றும், நீ விலகிவிட்டாய் என்றும் போட்டிருந்தது. பதவியில் பதினொரு நாள். பக்கத்தில் இருந்து பார்த்த பெடியன், "அண்ணை, உவ தமிழ் ஆளல்லோ, என்ன செய்தவ?" என்று கேட்டான். என்னுடைய தங்கச்சி என்று சொன்னேன். அவன் நம்பவில்லை.

இன்ஸ்பெக்டர் என்னை இரண்டாம் தரம் கூப்பிட்டபோது மேசையில் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று கிடந்தது. அடியில் உன் பெயர். நீயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய் என்று விளங்கியது. உன்னை என்ன செய்யப்போகிறார்கள் என்ற கேள்வி வாய்வரை வந்தது. பதில் என்னவாக இருக்குமோ என்று பயந்து கேட்காமல் வந்துவிட்டேன்.

நான் டொக்டரிடம் போனேன். மருந்தைக் கூட்டியிருக்கிறார். வேலை நேரத்தில் சாப்பிடவேண்டும் என்று கடிதமும் தந்திருக்கிறார். பாண்டை ஒளித்ததற்கு என்னை என்ன செய்வது என்று இன்னும் முடிவில்லை.

பேர்ணடெற் அக்காவிடமும் போனேன். விழுந்த உடனே கண்டோம் என்றது பொய், பத்தொன்பது நிமிடம் கிடந்தவர், பாண்ட் கத்துவதை நிறுத்தியது என் தங்கச்சி என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். மூன்று நாள் கழித்து ரெலிபோன் எடுத்தார். "உம்மடை தங்கச்சியை ஒருக்கா வரச்சொல்லும்" என்றார். அவ்வளவுதான். குரலில் கோபம் இருந்ததா என்று என்னால் சொல்லமுடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. நீ போகாவிட்டால் நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

சாப்பிடுகிறாயா?

அண்ணா


விட்பி
06.04.2025

அன்புள்ள அண்ணா,

கொஞ்சம் சாப்பிடுகிறேன். கந்தோரிலிருந்து என் பொருட்களை ஒரு பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். போனையும் கம்ப்யூட்டரையும் அன்றே வாங்கிவிட்டார்கள். காலை ஆறரைக்கு நான் இப்போதும் விழித்துக்கொள்கிறேன். நீங்கள் வேலைக்குப் போய்ச் சேர்ந்தீர்களா என்று பார்க்க ஒரு வழியும் இல்லை. பழையபடி மனிதர் மாதிரி, போயிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நேற்று பேர்ணடெற் அக்காவிடம் போனேன். சுலக்சன் கூட வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். ஒன்பதாம் மாடி. லிஃப்ற் ஒவ்வொரு மாடியிலும் நிற்கவேண்டும் போல் இருந்தது. பணிப்பாளர் சபையில் பதினான்கு பேருக்கு முன்னால் நின்றபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் இருக்கவில்லை.

அவர் கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் இதைவிட வயதான, பெரிய ஆளாக இருப்பேன் என்று நினைத்திருப்பார் போல. மேசையில் என்னை இருக்கச் சொல்லிவிட்டுத் தானும் எதிரே இருந்தார்.

"நீர்தானே உதெல்லாம் செய்தது?"

"ஓம் அக்கா. கத்துறதை நிப்பாட்டினது நான்தான்."

"என்னத்துக்கு?"

"வேலை நிக்குது எண்டு முறைப்பாடு வந்தது. நான் எனக்கு மேலை இருந்தவையைச் சந்தோசப்படுத்தினன்."

அவர் மேசை விரிப்பை நீவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "தம்பி பத்தொன்பது நிமிசம் எண்டு சொன்னவர். அந்த நேரம் இவருக்கு நினைவு இருந்ததோ?"

அண்ணா, உங்களுக்கும் நான் இதை எழுதவில்லை. பதவிக்கு வந்த இரண்டாம் நாள் அன்றைய முழுப் பதிவையும் திறந்து பார்த்தேன். அதுவரை எனக்கு அதைப் பார்க்கத் துணிவில்லை. இல்லை அக்கா, உடனே நினைவு போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் சொன்ன பொய் எவ்வளவு இரக்கமானது என்று அப்போதுதான் விளங்கியது.

"இருந்தது" என்றேன். "ஒன்பது நிமிசமாவது இருந்தது."

"எப்பிடித் தெரியும்?"

"பாண்டிலை ஒரு பட்டன் இருக்கு. பத்து நாற்பத்தொண்டுக்கு விழுந்தவர். நாலு நிமிசத்தாலை முதல் எச்சரிக்கை போயிருக்கு. பட்டனை அமத்தியிருக்கிறார். பத்து ஐம்பதுக்கு ரெண்டாவது எச்சரிக்கை. அதுக்கும் அமத்தியிருக்கிறார். மூண்டாவதுக்கு அமத்தேல்லை."

அவர் முன்னுக்குச் சாய்ந்தார். "உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறாரோ?"

"இல்லை அக்கா. உதவிக்குக் கூப்பிட அதிலை பட்டன் இல்லை. நாங்கள் வைக்கேல்லை. சரி, நான் வேலையைத் தொடருறன் எண்டு சொல்லுற பட்டன்தான் இருக்கு."

சொல்லி முடித்ததும் என் கைகளை மேசைக்குக் கீழே கொண்டுபோய்விட்டேன். அவர் அழுவார், அல்லது எழும்பி என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. அவர் மேசை விரிப்பின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். பிறகு, என்னிடம் சொல்வது போல இல்லாமல், மெதுவாகச் சொன்னார்.

"வேலை போயிடும் எண்டு பயந்திருப்பார், பாவம்."

 மன்னிப்புக் கேட்க என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போன வசனங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

நான் எழும்பியபோது அவரும் எழும்பினார். "இன்ஸ்பெக்டரிட்டை வாக்குமூலம் குடுக்கிறது எப்ப?" என்று கேட்டார்.

"பதினைஞ்சாம் திகதி. செவ்வாய்க்கிழமை."

"இந்தப் பட்டன் கதையை அங்கையும் சொல்லுவீரோ?"

"சொல்லுவன் அக்கா."

"எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லும். சுத்தி வளைக்காமல்." பிறகு கதவைத் திறந்துவிட்டார். "நானும் வந்து இருப்பன். விடுவினமோ தெரியாது. விடாட்டி வெளியிலை இருப்பன்."

என்னை மன்னித்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை, அண்ணா. நான் சொல்லாமல் விட்டுவிடுவேனோ என்ற பயம் அவருக்கும் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. அவர் வெளியே பெஞ்சில் இருக்கிறார் என்று தெரிந்தால் சொல்லிவிடுவேன்.

அன்புடன்
கஜனி